பொத்தான் இல்லாத கார்டு

போன மாதம் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கேக் வெட்டினீர்கள். நன்றாக இருந்தது, இனிப்புதான் கொஞ்சம் தூக்கல். அன்றைக்கு உங்களில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நம் செயலியில் எல்லாக் கார்டுக்கும் கீழே மூன்று பொத்தான்கள் இருக்கின்றன, ஒரே ஒரு வகைக் கார்டுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை, அதை யாரும் சீந்துவதாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாமா என்று. கையில் கேக் தட்டை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைக்கு நடுவில் படிக்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் குடோனுக்கு மேலே இரண்டு அறையில் இந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் உதவிப் பிரிவில் இருந்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. போனை எடுக்கத் தெரியும். எதிர்முனையில் இருப்பவர் கேட்பதற்கும் அவருக்கு வேண்டியதற்கும் எவ்வளவு தூரம் என்று ஓரளவு கணிக்கத் தெரியும். அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்றுச் சேர்ந்தவருக்காக அடிப்படையை ஒருமுறை சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். பிறகு தெரிந்தது, தடுமாறினேன், மறந்துவிட்டது என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். தெரிந்தது என்றால் அந்தக் கார்டு சில நாள் கழித்து வரும். அப்போதும் தெரிந்தால் இன்னும் தள்ளிப் போகும், அப்புறம் மாதக்கணக்கில் கண்ணில் படாது. மறந்துவிட்டது என்றால் மறுநாளே வந்து நிற்கும். மறக்கப் போகிற சமயம் பார்த்துக் கேட்பதுதான் இந்த மென்பொருளின் சாமர்த்தியம். எத்தனை முறை கேட்டாலும் மறந்துகொண்டே இருக்கும் கார்டை ஒரு கட்டத்தில் அது தானாகவே ஒதுக்கி வைத்துவிடும். ஒரே கார்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் கோட்டை விடக்கூடாதே என்பதற்காக. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

அந்தப் பிள்ளைகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தெரியாத கார்டுக்கும் ‘தெரிந்தது’ என்று அழுத்துவார்கள். பக்கத்தில் ஒரு ஆளும் இருக்க மாட்டார், அப்படியும் சொந்த போனிடமே கௌரவம் பார்ப்பார்கள். தேர்வில் கோட்டைவிட்டபின் என்னைக் கூப்பிட்டு, உங்கள் செயலி ஏமாற்றிவிட்டது என்று திட்டுவார்கள். இந்தத் தொல்லை தாங்காமல்தான் எங்கள் தலைமை நிரலாளர் முதல் பக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்தார். கார்டில் எழுதியிருப்பதை அப்படியே சொன்னால்தான் தெரிந்ததாகக் கணக்கு, உங்களிடம் நீங்களே கறாராக இருங்கள் என்று. அவர் ஆவடிக்காரர். எந்தக் கார்டு எப்போது வர வேண்டும் என்ற கணக்கு முழுவதையும் தனி ஆளாக எழுதியவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், போன் வந்தது. கொரட்டூரிலிருந்து பிலோமினா பேசுகிறேன் என்றது ஒரு வயதான குரல். மகளுடைய போனில் உதவி என்று போட்டிருந்த எண்ணைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டி, போட்டுத் தரச் சொன்னாராம். கணக்கைத் தேடுவதற்காகக் கணவர் பெயரைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, மாதாவின் வீட்டுக்காரர் பெயர் என்றார். கணவர் பெயரை வாயால் சொல்லாதவர், மாதாவின் கணவர் பெயரைக் கொண்டு குறிப்பு காட்டுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சூசையா என்று கேட்டதும், ஆமாம் அதுதான் என்று நிம்மதியாகச் சொன்னார்.

சூசை எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. இந்த நோயில் போன ஞாபகம் திரும்பி வராது, போகிற வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம், மூளைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகள் ஜெசிந்தா நசரத்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தான் தேர்வுக்குப் படித்த நம் செயலியிலேயே அப்பாவுக்காகக் குடும்பப் படங்களை ஏற்றியிருந்தாள். பேரன், சித்தப்பா, பங்குச் சாமியார், வீட்டு கேட், மாத்திரை டப்பா, அம்மா. தினமும் டியூட்டிக்குக் கிளம்புமுன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்பாள். பொத்தானை அவளே அழுத்துவாள்.

“நான் அடுப்பாண்ட நின்னு கேட்டுக்கினே இருப்பேம்மா. முன்னல்லாம் தெனம் எம் போட்டோ வரும். இப்ப கொஞ்ச நாளா வர்றதே இல்ல. தெரிஞ்சிட்டா தள்ளிப் போயிடும்னு பொண்ணு சொல்லிச்சி. அப்ப அவுரு மனசுல நான் நின்னுட்டேன்னுதான அர்த்தம்?”

அந்தச் சந்தோஷத்தில் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். என்னிடம் அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் படம் அடுத்து எந்தத் தேதியில் வரும் என்று சொன்னால் போதும். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கணவர் வாயால் கேட்க வேண்டும்.

ஒரு நிமிடம் இருங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் திறந்தேன். வீட்டு கேட் நன்றாகத் தெரிந்திருந்தது, மாதக்கணக்கில் தள்ளிப் போயிருந்தது. பேரன் அதைவிடத் தள்ளி. பிலோமினாவின் படத்துக்கு நேரே ‘ஒதுக்கப்பட்டது’ என்று இருந்தது. அதற்கு மேலே வரிசையாக மறந்துவிட்டது, மறந்துவிட்டது, மறந்துவிட்டது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு கார்டு வரவில்லை என்றால் அது நன்றாகத் தெரிந்துவிட்டதாக இருக்கலாம், இனித் தேறாது என்று ஒதுக்கியதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த அம்மா முதலாவது என்று நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். உண்மை இரண்டாவது. அதை அவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் நான். 

அவரைக் காத்திருப்பில் போட்டுவிட்டுத் தலைமை நிரலாளரிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மென்பொருளில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுங்கள், நான் அந்தக் கார்டை மறுபடி வரிசையில் சேர்த்துவிடுகிறேன், பாவம், அவருக்கு இது தெரியவே வேண்டாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது யோசித்தேன். நாளைக்குக் காலையில் அந்தப் படம் வரும். இந்த அம்மா ஆசை ஆசையாகப் பக்கத்தில் உட்காருவார். மகள் பெயர் கேட்பாள், சூசை சொல்ல மாட்டார், மகள் ‘மறந்துவிட்டது’ என்று அழுத்துவாள். நான் இன்றைக்குச் சொல்லத் தயங்குகிறதை நாளைக்கு அந்த அம்மா கண்ணாலேயே பார்க்க வேண்டிவரும், அதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தவள் நானாக இருப்பேன். பொய்யும் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அவர் காத்திருக்கிறார், போனில் அந்தப் பாழாய்ப்போன இசை ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுபடி திரையைப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான் அங்கே இருக்கிறது. அந்த மனிதர் என்ன சொன்னார் என்பது எங்கேயும் இல்லை. அழுத்தியது அவரும் இல்லை. ஒன்றும் சொல்வதற்கு முன் அதைக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். உங்கள் படம் வந்தபோதெல்லாம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“இன்னா சொல்வாரு, ‘இந்தாமே’ன்னுவாரு. பொண்ணு, ‘பேரு சொல்லுப்பா, பேரு சொல்லு’ன்னும். அவுரு அடுப்பாண்ட திரும்பி, ‘இந்தாமே, இது இன்னாமோ கேக்குது, இன்னான்னு பாரு’ன்னு என்னியக் கூப்டுவாரு.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டேன். எனக்கே பதில் தெரிந்துவிட்டது, இருந்தாலும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றிருந்தது. இந்தாமே என்றுதான் கூப்பிடுவார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் எங்கே என்றார். கார்டின் பின்பக்கத்தில் ஜெசிந்தா ‘பிலோமினா’ என்று எழுதியிருந்தாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்த மனிதர் அந்தப் பெயரை உபயோகித்திருப்பாரா என்பதே சந்தேகம்.

அதன்பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அம்மா, உங்கள் படம் தெரிந்ததால் தள்ளிப் போகவில்லை, தப்புத் தப்பாகப் பதிவானதால் மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டது. ஆனால் அவர் தப்பாகச் சொல்லவில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேள்விதான் தப்பு. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, அவர் அதை அணைக்கப் போகவில்லை.

“அப்ப அவுரு என்னியக் கூப்ட்டுக்கினே இருந்தாரு, அது மறந்துட்டாருன்னு அமுக்கிக்கினே இருந்துச்சி.”

மகளைக் கோபிக்காதீர்கள், கறாராக இருக்கச் சொல்லி எழுதியது நாங்கள்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜெசிந்தா டியூட்டி முடிந்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். பதிவைக் காட்டச் சொன்னாள். அந்த வரிசையைக் கீழே வரைக்கும் நகர்த்திப் பார்த்தாள். வார்டில் இத்தனை நோயாளிகளின் வலியைக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன் மேடம், எங்க அப்பா எங்க அம்மாவைக் கூப்பிட்டது என் காதிலேயே விழவில்லை என்று சொல்லி அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமை நிரலாளர் அறைக்கு வெளியே வந்து நின்று, கறாராக இருக்கச் சொன்ன வரியை எழுதியது நான்தான் என்று அவளிடம் சொன்னார். அன்றைக்கே பதிலை ‘இந்தாமே’ என்று மாற்றி, கார்டை வரிசையில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலையிலேயே அவர் சரியாகச் சொன்னார். அடுத்து வந்தபோதும் சொன்னார். அதற்கடுத்தும். அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், தலைமை நிரலாளர் தன் காசில் போண்டா வாங்கி வைத்தார். நான் சாப்பிட்டேன். மென்பொருளுக்கும் சந்தோஷம்தான். தெரிந்த கார்டை அது என்ன செய்யுமோ அதைச் செய்தது, தள்ளித் தள்ளி வைத்தது. பிலோமினா மறுபடி கூப்பிட்டார். அவர் குரலில் முதல் தடவை இருந்த சந்தோஷம் இல்லை.

“தெரிஞ்சா தள்ளிப் போவுது, தெர்லன்னா ஒதுக்கிடுது. நான் எப்பதாம்மா வர்றது?”

என் பணிக்காலத்தில் எத்தனையோ புகார்களைக் கேட்டிருக்கிறேன். நம் மென்பொருளை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் அம்மா என்று போனை வைத்துவிட்டேன்.

தலைமை நிரலாளரிடம் போய், அந்தப் படம் தினமும் வர வேண்டும் என்றேன். முடியாது என்றார். தினமும் காட்டினால் அது ஞாபகத்தைச் சோதிப்பது ஆகாது, நேற்றுப் பார்த்ததை இன்று சொல்வதில் என்ன இருக்கிறது என்றார். எங்களுக்குள் வாக்குவாதம் ஆனது. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயரும், அது பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்த மனிதரைத் தினமும் காலையில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள் என்றேன். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துவிட்டு, எதை மறந்தாரோ அதையே தேடித் தேடிக் கேட்கிறோம். எழுந்ததும் தோற்பதற்கென்றே அவரை உட்கார வைக்கிறோம்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஒவ்வொரு தடவை சரியா சொல்லும்போதும் ஞாபகம் கெட்டிப்படும்னு நம்பித்தான் இடைவெளியைக் கூட்டறோம். இது ஏறுற மனசுக்கு எழுதின கணக்கு. அவருக்கு இறங்கிக்கிட்டே இருக்கு. இறங்குற மனசுக்கு எங்கிட்ட கணக்கு இல்லை.”

கணக்கு வேண்டாம் என்றேன். காலையில் முதலில் அந்தப் படம் வரட்டும், கேள்வி வேண்டாம், பொத்தான் வேண்டாம். பொத்தான் இல்லாவிட்டால் அவருக்குத் தெரிகிறதா இல்லையா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் எழுதி முடித்துவிட்டார்.

நீங்கள் எடுத்துவிடலாமா என்று கேட்டது அதைத்தான். யாரும் உபயோகிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பொத்தான் அழுத்தியதன் பதிவைப் பார்த்திருப்பீர்கள். அதில் அழுத்துவதற்கே ஒன்றும் இல்லை. அது வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், இப்போது அலுவலகம் உங்களுடையது. ஆனால் ‘வரவில்லை’ என்று ஒருவர் போன் செய்தால், பதிவைப் பார்த்துப் பதில் சொல்வதற்கு முன் அங்கே நடந்தது என்ன என்று அவர் வாயாலேயே கேளுங்கள்.

அதன்பிறகு நல்ல செய்தி எதுவும் வரவில்லை. சூசையின் கார்டுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. பங்குச் சாமியார் போனார், சித்தப்பா போனார், வீட்டு கேட் போனது. ஒருநாள் அந்த கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனவரை ஏரிக்கரைப் பக்கமிருந்து யாரோ கூட்டிவந்து விட்டார்கள். பேரன் கடைசியாகப் போனான். ஜெசிந்தா காலையில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவாள். பொத்தான் இல்லாத அந்த ஒரு கார்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிலோமினா தன் படத்தைத் தானே அவர் முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சூசை இந்தாமே என்று சொல்வதும் குறைந்து, ஒருநாள் நின்றுபோனது. அன்றைக்குப் பிலோமினா எனக்குப் போன் செய்யவில்லை. பின்னால் ஜெசிந்தா சொல்லித்தான் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பிலோமினா கடைசியாகக் கூப்பிட்டார். எந்தப் புகாரும் இல்லை. ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

“காலைல போட்டோவ நல்லா உத்துப் பாத்தாரும்மா. அப்பால எங்கையப் புடிச்சிக்கினு, ‘இந்தம்மா தெனம் வர்றாங்களே, யாரு?’ன்னாரு.”

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“‘நம்மளுக்கு வேண்டியவங்கதான்’ன்னேன். ‘தெனம் வந்துட்டு சும்மாவே போறாங்க, சாப்ட்டுப் போவச் சொல்லு’ன்னாரு. நான் யாருன்னு தெர்ல. ஆனா தெனம் வர்றேன்னு தெரியுது. இது தெரிஞ்ச கணக்காம்மா, மறந்த கணக்கா?”

இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை அம்மா என்றே சொன்னேன்.   பிறகு அவரே பேசினார்.

“நான் சாப்ட்டேம்மா. அவுரு சொல்ட்டாரேன்னு ஒரு தட்டுல போட்டு எடுத்தாந்து, அவுரு எதிர்லயே குந்திக்கினு சாப்ட்டேன். ‘கூச்சப்படாத சாப்புடுங்க’ன்னாரு.”